ஒரு காலத்தில் இங்கே மீனவர் வாழ்ந்தனர்

உலகில் எத்தனையோ ஊர்களுக்கு வரலாறு உண்டு. ஆனால் அந்த வரலாற்றைப் பலகைகளில் எழுதி, வரிசையில் நிறுத்தி, இலக்கமிட்டு, வெயிலில் காயவைத்த பெருமை எங்கள் திருகோணமலைக்கே உரியது. அந்த மகத்தான பணியை ஆற்றிய 'துறைமுக மரபுநடைக் குழு'வின் செயலாளர் நான். பெயர் ஜவாஹிர்.

எங்கள் திட்டம் எளிமையானது. வழிகாட்டி கிடையாது. வருபவர் கையில் போனுடன் பலகைக்குப் பலகை தானே நடந்து, வாசித்து, வியந்து, பஸ் ஏறிவிடலாம். வழிகாட்டி என்று ஒருவர் இருந்தால் அவரிடம் கேள்வி கேட்பார்கள். பலகையிடம் யாரும் கேட்பதில்லை.

உட்துறைமுகக் கரையில் நட்ட பலகைக்குத் தலைவர் சசிகரன் சேரே வாசகம் இயற்றினார்: 'ஒரு காலத்தில் இங்கே மீனவர் வாழ்ந்தனர்.' அடியில் 'இப்பணியைச் செய்துமுடித்தோர்' என்று எங்கள் பெயர்களையும் போட்டு, மூன்று மொழிகளிலும் அச்சடித்து, மாலை போட்டுத் திறந்தும் வைத்தாயிற்று.

ஒரேயொரு சிறு சிக்கல். மீனவர் இன்னும் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தனர்.

பலகைக்கு நேர் பின்னால் மாகிரட்டின் வீடு. கணவர் றிக்சன் விடியலில் கொண்டுவரும் மீனை அவர் வாசலிலேயே வெட்டிக் கருவாடு போடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பமொன்று பலகையை வாசித்துவிட்டு அவரைப் பார்த்தது. அதில் ஒரு இளம்பெண் கேட்டாள்:

"அக்கா, நீங்கள் நடிக்கிறனீங்களோ?"

"நடிப்போ? நான் சூடை மீன் காயவைக்கிறன், பிள்ளை."

"உடுப்பும் அந்தக் காலத்து ஆக்களின்ர மாதிரியே இருக்கு."

"இது போன நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்தது."

அன்றே அந்தக் குடும்பம் இணையத்தில் எங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் இட்டு, 'திருகோணமலையின் வரலாறு நாறுகிறது' என்று எழுதிவிட்டது.

அவசரக் கூட்டம் கூடினோம். குளிரூட்டிய அறை, றோல்ஸ், பிளேன்ரீ. பொருளாளர் பிரசாந்தினி, அனுபவம் குறைந்தவர், கேட்டார்:

"சேர், 'வாழ்ந்தனர்' எண்டதை 'வாழ்கின்றனர்' எண்டு மாத்தினால் முடிஞ்சுது தானே?"

சேர் கதிரையில் நிமிர்ந்தார். "பலகையை மாத்த ஏலாது, பிள்ளை. மூண்டு மொழியிலயும் அடிச்சாச்சு. ஆக்களை மாத்தலாம்."

இதைவிடத் தெளிவான வரலாற்றுப் பார்வையை நான் கேட்டதில்லை. தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. பிரசாந்தினி மட்டும் றோல்ஸைத் தொடவில்லை. பசி இல்லையாக்கும்.

தூது செல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

"மாகிரட், உங்களுக்கு வரலாற்றில ஒரு இடம் கிடைச்சிருக்கு."

"எங்களுக்கு இருக்கிற இடம் போதும், ஜவாஹிர் நானா."

"அதைத்தான் விடவேணும்."

மீன் வெட்டிய கத்தி நின்றது. "சண்டைக்கு ஓடினனாங்கள், திரும்பி வந்தனாங்கள். சுனாமிக்கு ஓடினனாங்கள், திரும்பி வந்தனாங்கள். பலகைக்கு ஓடினால் எப்ப நானா திரும்பி வாறது?"

அது நிகழ்ச்சிநிரலில் இல்லாத கேள்வி. ஆகவே நான் அதைக் குறிப்பேட்டில் பதியவில்லை.

மேலிடத்துக்கு எழுதினோம். கரை 'மரபுரிமை வலயம்' ஆனது. லொறி வந்தது. மாகிரட் குடும்பத்துக்கும் அயலவருக்கும் கப்பல்துறையில் தகரக் கொட்டில்கள் கொடுக்கப்பட்டன. அந்த ஊரின் பெயரிலேயே கப்பலும் இருக்கிறது, துறையும் இருக்கிறது. கடலையும் எதிர்பார்ப்பது பேராசை. றிக்சன் வள்ளத்தை விற்றுவிட்டு இப்போது சீமெந்துக் கல் அரியப் போகிறார்.

கரையோ பளிச்சென்று ஆகிவிட்டது. கடலைப் பார்த்தபடி உட்கார ஒரு வாங்கு போட்டிருக்கிறோம். ஐந்து நட்சத்திரங்கள் வந்து குவிகின்றன.

போன ஞாயிறு பூசை முடிந்து மாகிரட் அந்தப் பக்கம் வந்தார். நான் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"வாசிக்கலாமோ, நானா?"

"தாராளமா. தானே நடந்து தானே வாசிக்கிறதுதான் எங்கட முறை."

அவர் விரலை வைத்து, மாதா கோவிலில் வேதவாசகம் வாசிப்பவர் போல உரக்க, தலைப்பிலிருந்து அடிவரை எங்கும் நிறுத்தாமல் வாசித்தார்:

"ஒரு காலத்தில் இங்கே மீனவர் வாழ்ந்தனர் இப்பணியைச் செய்துமுடித்தோர் தலைவர் சசிகரன் செயலாளர் ஜவாஹிர்..."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் நானா. சரியாத்தான் எழுதியிருக்கிறியள்."