வாசற்படி தாண்டிய அழுங்கு

ஒரு காட்டில் வளைகளுக்கெல்லாம் பட்டா கொடுக்க ஆரம்பித்த வருடம் அது. அங்கே வேலாண்டி என்றோர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில். யாராவது உரக்கப் பேசினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஆனால் கணக்கில் மட்டும் புலி. தின்ற எறும்புகளை எண்ணி முடிக்காமல் தூங்காது.

'இன்று ஐந்து மணிக்குள் பதியாத வளை, அதன்பின் முதலில் கேட்பவருக்கு' என்று அறிவித்திருந்தார்கள். வேலாண்டி ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து அலுவலக வாசற்படியைத் தாண்டியது. ஜன்னலுக்குப் பின்னால் தேவாங்கு குமாஸ்தா கண்ணை உருட்டியது.

"என்ன வேணும்?"

வேலாண்டிக்கு வந்த காரியம் மறந்துவிட்டது. நடந்த கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

"ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு."

"டோக்கனா? இப்போ ஏழாம் நம்பர்தான் ஓடுது. வந்த காரியம் மறந்தவங்க அந்த வரிசை."

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒரே கேள்வி: 'மறந்த விஷயத்தை விவரமாக எழுதவும்.'

முன்னால் நின்ற முயல் ஆறுதல் சொன்னது. "எல்லாருக்கும் இப்படித்தாங்க. படி தாண்டினதும் மூளை புது இடம்னு நினைச்சு, பழைய ஞாபகத்தைச் செருப்பு மாதிரி வெளியே கழட்டிடும். வீட்டுக்குத் திரும்பிப் போனா வந்துடும். நானும் போகலாம்னுதான் இருக்கேன். வீடுதான் எங்கேன்னு தெரியல."

வேலாண்டி வீட்டுக்கு ஓடியது. வளையின் வாயில் சங்கரபாண்டி உடும்பு நாடாவை வைத்து அகலம் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டா! சுரீரென்று நினைவு வந்தது. மறுபடி ஓட்டம், மறுபடி வாசற்படி, மறுபடி காலி. இரண்டாம் முறை வீடு திரும்பியபோது நாலாயிரத்து நானூற்று நாற்பத்தெட்டு அடி ஆகியிருந்தது. மணி நாலரை.

"இன்னும் அரை மணிதான் மாமா, சாமானைக் கட்டிக்குங்க," என்று பல்லைக் காட்டியது உடும்பு.

சுருளக்கூட நேரமில்லை. வேலாண்டி யோசித்தது. இந்த முகத்தைப் பார்த்தால்தானே பட்டா நினைவுக்கு வருகிறது? முகத்தையே கூட்டிக்கொண்டு போனால்?

"மாப்ளே, நீயும் ஆபீசுக்கு வாயேன். அஞ்சு அடிச்சதும் நீதானே முதல்ல கேக்கணும்?"

"இப்படி ஓர் இளிச்சவாய் மாமாவா!" உடும்பு உடனே கிளம்பியது.

இரண்டும் சேர்ந்து படியைத் தாண்டின. வேலாண்டி உடும்பைப் பார்த்தது. வளை இல்லாத இடத்தில் அது ஏதோ ஓர் உடும்பாகத்தான் தெரிந்தது. உடும்பும் உற்றுப் பார்த்தது.

"உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே?"

இரண்டுக்கும் படிவம் கிடைத்தது.

ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்தினார்கள். எல்லாம் கலைந்தன. பழகிய கால் வேலாண்டியை வீட்டுக்கு இழுத்துப்போனது. உடும்பு மட்டும் அசையவில்லை. பிடித்த இடத்தை விட்டால் அது உடும்பா?

வளைக்குள் நுழைந்ததும் வேலாண்டிக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. பட்டா இல்லை, கெடு முடிந்தது. பந்தாகச் சுருண்டு காத்திருந்தது. இன்றோடு நாற்பத்தொரு நாள். வளையைக் கேட்டு யாரும் வரவில்லை. அலுவலகப் பக்கம் போன காக்கை சொன்னது: உடும்பு அதே இடத்தில்தான் நிற்கிறதாம். அதற்குப் பின்னால் இன்னும் பதினேழு பேராம்.

நீதி: நினைவாற்றலை வளர்க்க மெனக்கெடாதீர்கள். எதிராளியைக் கையோடு அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்; மீதியை வாசற்படி பார்த்துக்கொள்ளும்.