கல்வாசலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி

மதிப்பும் மரியாதையும் மிகுந்த பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் அட்டைப்படத்துக்காக அமர்த்தப்பட்டிருக்கும் பெண்ணின் தாய்மாமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். தாங்களும் தங்கள் குடும்பமும் தங்கள் அச்சு இயந்திரங்களும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். சுகமில்லாதது என் தங்கை மகளின் இடது கால் ஒன்றுதான். இந்தக் கடிதமே அந்தக் காலால் வந்தது.

தாங்கள் அவளிடம் கேட்டது ஊருக்கு வெளியே மேட்டில் தனியாக நிற்கும் அந்தப் பழைய கல்வாசலின் படம். இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குக் கல், கதவும் கிடையாது, வீடும் கிடையாது. பின்னால் கொந்தளிக்கும் வானம் வேண்டும், ஆள் யாரும் தெரியக் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் படம் மேசைக்கு வர வேண்டும், வராவிட்டால் இந்த அட்டையையும் இதற்குப் பின்னால் வரும் பதினோரு புத்தகங்களின் அட்டையையும் சொந்த ஜீப் வைத்திருக்கும் தாடிக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்று தாங்கள் சொன்னதாகக் கேள்வி. சரிதான், தொழில் என்றால் கறாராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஐயா, இந்தப் பெண் இரண்டு வருடமாகக் கடைகளின் விளம்பரத் தாளுக்கு வாளியும் பிளாஸ்க்கும் படமெடுத்தவள். வாளிக்குக் கீழே எடுத்தவர் பேரை யாராவது போடுகிறார்களா? முதல் தடவையாகத் தன் பேர் அச்சில் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் திங்கட்கிழமை காலை கேமராவோடு மாடிப்படி இறங்கினவள் வழுக்கிவிட்டாள். இரண்டு கையாலும் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டதால் கைப்பிடியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. கேமராவில் ஒரு கீறல் கிடையாது. காலில் இரண்டு முறிவு. (வெளியில் நான் மூன்று என்றுதான் சொல்லிவருகிறேன். தாங்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.) முழங்காலிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டு. இதைத் தங்களிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நான் சொல்லவில்லை ஐயா, எழுதத்தான் செய்கிறேன்.

"எதுக்கும்மா அழுவுற, மாமா நான் இருக்கேன்ல?" என்றேன். "அதான் மாமா இன்னும் பயமா இருக்கு" என்றாள். வலியில் பேசுகிற பிள்ளை, என்ன பேசுகிறோம் என்று தெரியாது. நான் யாரென்று தங்களுக்காவது தெரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூடியோ என்னுடையது. முப்பத்தாறு வருட அனுபவம். இந்த ஊரிலிருந்து கடல் தாண்டிய ஒவ்வொரு முகமும் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுத்தான் தாண்டியது. ஒரு கப்பல் கேப்டன் துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவைத்துவிட்டு என்னைத் தேடி வந்து படமெடுத்துக்கொண்டு போனார். கப்பலையும் எடுக்கச் சொன்னார், ஸ்டூலில் கொள்ளாது என்று நான்தான் மறுத்துவிட்டேன். படிப்பு எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்திடம் ஒன்றும் இருக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அடுத்த தெரு ரொட்டிக்கடைக்காரரின் வேனில் புறப்பட்டோம். முன்னால் அவரும் நானும் என் வீட்டுக்காரியும். பின்னால் வெறும் ரொட்டித் தட்டுகள்தான் இருந்தன, வேறு யாரும் இல்லை. மேட்டுக்குப் போய் இறங்கினால் கல்வாசல் கம்பீரமாகத்தான் நிற்கிறது. மூவாயிரம் வருடம் பழையது என்று பலகையில் எழுதியிருக்கிறது. அந்தப் பலகையே பழையதாக இருப்பதால் தாங்கள் புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் முகம் சுத்தமில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பச்சையாகப் பாசி. நான் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த காவலாளி விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"பெரியவரே, என்ன பண்றீங்க?"

"மூஞ்சியத் துடைக்கிறேன்."

"கல்லுங்க அது! தொடக் கூடாது. மூவாயிரம் வருஷப் பாசி!"

"அதத்தான்யா நானும் சொல்றேன். மூவாயிரம் வருஷமா ஒருத்தரும் துடைக்கல."

 காவலாளி கைக்குட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்து வானம். ஐயா, தாங்கள் கொந்தளிக்கும் வானம் கேட்டது உண்மைதான், அவளும் அதைப் பத்துத் தடவை சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் தாங்கள் அதை நேரில் பார்க்காமல் கேட்டுவிட்டீர்கள். மேற்கே மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரே கறுப்பு. நடுவில் அடிபட்ட இடம் கன்றிப்போன மாதிரி மஞ்சளும் ஊதாவும். அங்கங்கே கிழிந்து வெளிச்சம் ஒழுகுகிறது. இதைப் பின்னால் வைத்து ஒரு படத்தைக் கொண்டுபோனால் எந்த அலுவலகத்தில் வாங்குவார்கள்? பின்னால் ஒன்றும் தெரியக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். ஒரு தடவை ஒருவருடைய காதுக்குப் பக்கத்தில் என் சுவர்க் கடிகாரத்தின் முள் நுனி, நுனிதான் ஐயா, தெரிந்துவிட்டது. படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதருக்கு வெளிநாட்டு வேலையே கைவிட்டுப் போனது. கடைக்கு வந்து என்னை ஒன்றும் திட்டவில்லை, ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் கடையில் கடிகாரமே கிடையாது. என் தங்கை மகளுக்கும் அந்த மாதிரி ஒன்று நடந்துவிட விடுவேனா?

விடவில்லை. ஆறு படுக்கை விரிப்புகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் கையோடு கொண்டுபோயிருந்தேன். தைத்தது என் வீட்டுக்காரி. "இதுல ஒண்ணு கிழிஞ்சாலும் அப்புறம் நீங்க வெறுந்தரையிலதான் படுக்கணும், சொல்லிட்டேன்" என்று வாழ்த்தித்தான் கொடுத்தாள். பெயின்டரிடம் கேட்டு வாங்கிய இரண்டு நீள மூங்கிலில் துணியைக் கட்டி, கல்வாசலுக்குப் பின்னால் ஒரு மூங்கிலை ரொட்டிக்கடைக்காரரும் மறு மூங்கிலை என் வீட்டுக்காரியும் தூக்கிப் பிடித்தார்கள். வானம் போன இடம் தெரியவில்லை! காவலாளியும் தானாகவே ஓடிவந்து துணியின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவு ஆர்வம். வேன் பக்கமிருந்து காற்று மட்டும் யாரோ கத்துகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. "நேராப் பாரு, சிரிக்காத" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு என் கடைக் கேமராவில் எடுத்தேன். ஐயா, எத்தனையோ பெரிய மனிதர்களை எடுத்திருக்கிறேன், இந்தக் கல்லைப் போல் அசையாமல் ஒத்துழைத்தவர் ஒருவர் கிடையாது. பதினான்கு படம். பதினான்கும் ஒரே மாதிரி, ஒரு புள்ளி நிழல் கிடையாது. வேலை முடிந்தது தெரிந்தோ என்னவோ, அதற்குப் பிறகுதான் பெருங்காற்று வந்து துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

பதினான்கையும் பெரிய உறையில் வைத்திருக்கிறேன். தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு, கீழே என் தங்கை மகளின் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிடவும். நான்தான் எடுத்தேன் என்று வெளியில் மூச்சுவிட மாட்டேன், தாங்களும் விட வேண்டாம். பாவம் அவள் வீட்டில் கட்டிலைவிட்டு அசையாமல் படுத்து, தபால்காரர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தங்கள் பதிப்பகம் மேலும் மேலும் வளர்ந்து, தங்கள் புத்தகங்கள் வாங்கினவர்களால் படிக்கவும்பட வேண்டும் என்று மனதார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தாய்மாமன்,
பாஸ்போர்ட் போட்டோ நிபுணர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் என் தங்கை மகள் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுக் கடிதத்தை மெல்ல மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். உருகிவிட்டாள் என்று நினைத்தேன். "மாமா, நீங்களே உண்மைய எழுதுறீங்களா, இல்ல அத்தையக் கூப்பிடவா?" என்றாள். ஆகையால் எழுதுகிறேன். அவள் வீட்டில் படுத்திருக்கவில்லை. வேனின் பின்பக்கம், மாவுக்கட்டுக் காலை ரொட்டித் தட்டின்மேல் நீட்டிக்கொண்டு கேமராவோடு உட்கார்ந்திருந்தாள். வரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நானும் பார்க்காதது போல் எழுதிவிட்டேன். காற்று கத்தியதாகச் சொன்னேனே, கத்தியது அவள்தான். "துணிய இறக்குங்க மாமா, அந்த வானத்துக்குத்தான் வந்தேன்!" என்று கத்தினாள். காவலாளி துணியைப் பிடித்ததும் கழற்றுவதற்குத்தான். காற்று வந்து துணியைப் பிய்த்தபோது மற்ற மூவரும் அதன் பின்னால் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். துணியைப் பிடிக்க ஓடின நான் தூணுக்குப் பின்னால் விழுந்து கிடந்தேன். ஆக, தங்கள் நிபந்தனைப்படி ஆள் ஒருவரும் தெரியவில்லை. அந்த நேரத்தில் வேன் கதவு வழியாக அவள் ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

அதை நேற்று என் கடையில்தான் பிரிண்ட் போட்டோம். கறுப்பும் மஞ்சளுமாக அத்தனை வானமும் அந்த வாசல் வழியாக நுழைந்து வருகிற மாதிரி இருக்கிறது. முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு படத்தில் பின்னால் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது சின்ன உறையில் இருக்கிறது. பெரிய உறையைத் தாங்கள் பிரிக்கவே வேண்டாமாம், அவள் சொல்கிறாள்.

இன்னொன்றும் சொல்கிறாள். காலைப் பார்த்து இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேலை வேண்டாமாம், படத்தைப் பார்த்துக் கொடுத்தால் போதுமாம், கால் வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிடச் சொல்கிறாள். அடித்தால் கடிதத்தில் வணக்கம் மட்டும்தான் மிஞ்சும். தபால் எடுக்கும் நேரமும் ஆகிவிட்டது. எனவே தாங்கள் தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே சின்ன உறையைப் பிரித்துப் பார்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.