யார் தட்டினாலும்

நான்காவது முறை தட்டியும் கதவு திறக்கவில்லை.

"பாப்பா, நான்தான். திற."

பாப்பாவுக்கு வயது இருபத்துநான்கு. ஆட்டிசம் உள்ளவர்கள் தனியாக வாழப் பழக உதவும் மையம் ஒன்று, மூன்றாவது மாடியில் இந்த ஒற்றை அறை வீட்டை அவளுக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தது. இன்று பதினொரு மணிக்கு மையத்து அதிகாரி வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் வீடு அவளுக்கு. இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்பா உதவிக்கு வரவே கூடாது என்பது நிபந்தனை.

அதனால்தான் தையல்காரரான அவள் அப்பா பத்தரைக்கே வந்துவிட்டார், கையில் இஸ்திரி போட்ட சட்டையோடு.

போன் செய்தார். மணி உள்ளேதான் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம். ஒரு செருமல்.

"பாத்தியா, சளி பிடிச்சிருக்கு! ராத்திரி தலைக்குக் குளிச்சியா?"

பதிலுக்குக் கதவடியில் ஒரு காகிதம் வந்தது. அவருடைய கையெழுத்து. மகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது எழுதியது.

'யார் தட்டினாலும் திறக்காதே. பேச்சுக் கொடுக்காதே. அப்பா அனுப்பினார் என்றாலும் நம்பாதே. நான்தான் அப்பா என்றாலும் நம்பாதே.'

கடைசி வரிக்கு மூன்று அடிக்கோடு.

"இது திருடனுக்கு எழுதினதும்மா! எனக்கில்ல!"

தையல்காரர் குரலைக் கட்டையாக்கிக்கொண்டார்.

"கொரியர்!"

இரண்டாவது காகிதம் வந்தது. 'கொரியர் என்றால் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.'

ஒன்றையும் விட்டுவைக்கவில்லையே, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். மணி பத்து ஐம்பது.

"இந்தா பாரு, அந்த அதிகாரியம்மா ஒரு சிடுமூஞ்சி. போன தடவை டம்ளரை வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்துச்சு. அது வர்றதுக்குள்ள ஒருதரம் கூட்டிப் பெருக்கிட்டு நான் ஓடிடறேன். அதுக்கு ஒரு எழவும் தெரியாது."

மறுபடியும் செருமல். இந்த முறை கொஞ்சம் பலமாக.

தையல்காரர் நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்தார். குரல் இறங்கியது.

"சரி, உள்ளதைச் சொல்லிடறேன். நீ நல்லாத்தான் இருப்பே. நீ போனதுலேர்ந்து எனக்குத்தான் கை ஓடல. மூணு பேருக்குக் கை நீளத்தை மாத்தி வெட்டிட்டேன். திறடா கண்ணு."

திறக்கவில்லை. ஆத்திரத்தில் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை, கைப்பிடிதான் கையோடு வந்தது. திரும்ப மாட்டப் பார்த்தார். திருகாணி நழுவிப் படிக்கட்டில் உருண்டது.

கீழேயிருந்து மாடிப்படி துடைத்தபடி வந்த அம்மாள் அதை எடுத்துக் கொடுத்தாள்.

"என்னண்ணே இது?"

"எம் பொண்ணும்மா. உள்ள இருந்துக்கிட்டே திறக்க மாட்டேங்குது. அதிகாரி வர்ற நேரம். ஒரு கை குடு, ரெண்டு பேருமா முட்டித் திறந்துடலாம்."

அவள் அவர் முகத்தையும் கையிலிருந்த கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு பாஸாகி அரை மணி நேரமாச்சுண்ணே, காப்பிக்குச் சர்க்கரை வாங்கக் கடைக்குப் போயிருக்கு, சீக்கிரமே வந்துட்ட அந்த அதிகாரியம்மாவைத்தான், யார் தட்டினாலும் திறக்காதீங்கன்னு கையில அப்பா எழுதின பேப்பரைக் குடுத்து உள்ள உக்கார வெச்சிருக்கு."