தீவுக்கு ஒரு வெள்ளோட்டம்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி இந்த உடம்பு படுத்தே தீரும். கட்டிலில் அல்ல. கடலோரத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய வலைத்தொட்டிலில், முகத்தின் மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு.

ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவன் நான். என் ஹாரன் சத்தம் கேட்டு மழையே ஒதுங்கி வழிவிட்டிருக்கிறது. நம்பாதவர்கள் மழையைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அத்தனை வருஷமும் உட்கார்ந்தே இருந்தேன். படுத்திருந்தால் வேலை போயிருக்கும், கூடவே பயணிகளும் போயிருப்பார்கள்.

அந்த பஸ்ஸில் கண்டக்டர் யார் தெரியுமா? என் மனைவி. அவள் விசில் கொடுத்தால் கிளம்புவேன். விசில் கொடுத்தால் நிற்பேன். இப்போது இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை. எனக்கென்று மிஞ்சியிருக்கும் பெருமை ஒன்றே ஒன்று. எந்த பஸ்ஸில் ஏறினாலும் நான் டிக்கெட் வாங்கியதில்லை. “டிரைவருக்கு எதுக்கு டிக்கெட்?” என்று மீசையைத் தடவிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

தீவுக்குப் போகும் யோசனை என் மகளுடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். “எல்லாருமா போய் நாலு நாள் நிம்மதியா இருந்துட்டு வரலாம்ப்பா” என்றாள், இரண்டு கொட்டாவிக்கு நடுவே. எல்லாரும் என்றால் அவள், மாப்பிள்ளை, நாங்கள் இருவர், பேரப்பிள்ளைகள் இருவர்.

பேத்திக்கு ஐந்து வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் மேனேஜர். யாருக்காவது உத்தரவு போடாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பேரனுக்கு மூன்று வயது. பெயர் பசை. யார் காலில் ஒட்டுகிறானோ, அந்தக் கால் அன்றைக்கு அவனுக்கே சொந்தம். பெரும்பாலும் அது என் கால்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. வலைத்தொட்டிலில் அடியில் நான், என் வயிற்றில் பசை, எல்லோருக்கும் மேலே மேனேஜர். இதற்கா கடல் தாண்டிப் போவது? இரண்டையும் என் மனைவியிடம் ஒட்டவைத்தாக வேண்டும். மண்டையைக் குடைந்ததில் டிப்போ வழக்கம் ஞாபகம் வந்தது. புது ரூட் என்றால், பயணிகளை ஏற்றுமுன் வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்ப்போம். வெள்ளோட்டம்! தீவுக்கும் வீட்டிலேயே ஒரு வெள்ளோட்டம் விடுவது. எனக்கு முட்டி வலி என்று தொட்டிலில் சாய்ந்துவிடுவது. அன்றைக்குக் குழந்தைகள் யாரிடம் ஒட்டுகிறார்களோ, தீவிலும் அவரிடமே ஒட்டிக்கிடப்பார்கள்.

“இவளே, தீவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளோட்டம் பாத்துரணும்.”

“பாத்துரலாமே.”

குழப்பம் ஆரம்பித்தது அந்த இடத்தில்தான். கல்யாணமான நாளிலிருந்து, நான் சொன்ன எதற்கும் அவள் எடுத்த எடுப்பில் சரி சொன்னதே இல்லை.

“எதுக்குன்னு கேக்க மாட்டியா?”

“நான் எதுக்குக் கேக்கணும்? டிரைவர் நீங்க. ரூட் உங்களுக்குத்தானே தெரியும்?”

“மொட்டை மாடியில வச்சுக்கலாம்.”

“நல்லா காத்து வரும்.”

“மணல் வேணுமே?”

“பக்கத்து வீட்டுல கட்டட வேலை முடிஞ்சு மிச்சம் கிடக்கு. கேட்டு வச்சிருக்கேன்.”

“கேட்டு வச்சிருக்கியா? நான் இப்பதானே சொன்னேன்?”

“அடுப்புல பால் பொங்குது” என்று உள்ளே போய்விட்டாள். போய்ப் பார்த்தேன். அடுப்பே எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் தீவு உதித்தது. மணலைக் கொட்டினேன். குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வந்து, துணி துவைக்கும் தொட்டியில் கடலை நிரப்பினேன். துணிக்கொடிக் கம்பங்கள் இரண்டையும் மரங்களாக நியமித்து, புதிதாக வாங்கிய வலைத்தொட்டிலைக் கட்டினேன். பூப்போட்ட அரைக்கால் சட்டை, கறுப்புக் கண்ணாடி சகிதம், “ஐயோ, முட்டி!” என்று திரும்பினால், தொட்டிலில் ஏற்கெனவே ஆள்.

“என்னடி இது?”

“கப்பல்ல வந்தது தலை சுத்துதுங்க.”

“எந்தக் கப்பல்? மாடிப்படி ஏறித்தானே வந்தே?”

“வெள்ளோட்டம்னா எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கணும்ல? எனக்குக் கடல் ஒத்துக்காதே.”

“எனக்கு முட்டி வலிக்குதே!”

“உப்புத் தண்ணில நின்னா சரியாப் போயிடும். அந்தத் துவைக்கிற தொட்டியில கொஞ்சம் உப்பு போட்டுக்கங்க.”

மகளைத் தேடினேன். பாயில் கிடந்தாள். தலை தலையணைக்கு வந்து சேரும் முன்பே தூங்கியிருக்கிறாள். மாப்பிள்ளை அதிகம் பேசாத மனிதர். “ஒரு நிமிஷம், மாமா” என்று கண்ணை மூடினார். அந்த நிமிஷம் சாயங்காலம் வரை நீடித்தது.

“தாத்தா, நீதான் முதலை” என்றாள் மேனேஜர். பசை வந்து என் வலது காலில் ஒட்டினான்.

முதலையானேன். கப்பலானேன். கப்பலைக் கவிழ்க்கும் திமிங்கிலமும் ஆனேன். என் உறுமலில் மூன்று தெரு தள்ளி நின்ற நாய்கள் ஊரைவிட்டே போய்விட்டன. குழந்தைகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. தொட்டிலுக்குள் ஒரு கண் மட்டும் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது.

போகட்டும், வெள்ளோட்டம்தானே என்று தேற்றிக்கொண்டேன். நிஜத் தீவில் கப்பலைவிட்டு இறங்கியதும் ஓடிப்போய் முதலில் படுத்துவிட்டால் தீர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள், கீழ்வீட்டுக் குழாய்க்காரர் மாடியில் புதுக்குழாய் பொருத்திக்கொண்டிருந்தார்.

“யாருப்பா சொன்னது?”

“அம்மாதாங்க. ஐயா குடம் தூக்கிக் கஷ்டப்படக் கூடாதுன்னாங்க.”

“நாங்க நாளைக்கு ஊருக்கே போறோமே!”

அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். “ஆமாங்கய்யா. ஆமாம்” என்றார், நோயாளியிடம் பேசுவது போல.

சமையலறையில் பிஸ்கட் மலைபோல் அடுக்கியிருந்தது. பெட்டியில் ஒரு பொட்டலம்கூட இல்லை. “வந்தப்புறம் வேணாமா?” என்றாள் என் மனைவி. குழந்தைகள் துணி எல்லாம் அலமாரியிலேயே இருந்தது. “தீவுல துணி எதுக்குங்க? வெயில்தானே?” என்றாள். சரியாகத்தான் பட்டது. அதுதான் குழப்பமே. அவள் சொல்லும்போது எல்லாமே சரியாகப் படுகிறது.

மறுநாள் காலை வாசலில் டாக்ஸி வந்து நின்றது. நான் பூப்போட்ட சட்டையோடு தயார். என் மனைவி குழந்தைகள் முன் உட்கார்ந்தாள்.

“செல்லங்களா, கப்பல்ல போற தீவுக்குப் போலாமா, நம்ம மாடித் தீவா?”

“அங்க தாத்தா முதலை ஆவாரா?” என்றாள் மேனேஜர்.

“மாட்டாராம். தொப்பியை மூஞ்சில கவுத்துட்டுத் தூங்கப் போறாராம்.”

“அப்ப அந்தத் தீவு வேணாம். தாத்தாவும் போக வேணாம்.”

பசை இரண்டு கால்களிலும் ஒட்டிக்கொண்டான். ஒரே ஆள் எப்படி இரண்டு காலில் ஒட்டினான் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

“குழந்தைங்க சொல்றதையெல்லாம் கேக்கறதா? தூக்கி வண்டில போடு!”

“அழவச்சுக் கூட்டிட்டுப் போனா யாருக்குங்க நிம்மதி?”

“நீங்க சமாளிச்சுப்பீங்களாப்பா?” என்றாள் மகள். கண்ணுக்குக் கீழே கருவளையம். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் மூளை எழுந்துவிட்டது.

“அதுக்கென்னம்மா! அம்மா பாத்துக்குவா. இவளே, நீ இங்க இரு. நான் போயிட்டு வரேன். என் டிக்கெட்டைக் கொடு.”

அவள் நிதானமாகத் தன் பழைய கண்டக்டர் தோல்பையைத் திறந்தாள். மகளிடம் ஒன்று. மாப்பிள்ளையிடம் ஒன்று. தன் கையில் ஒன்று. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். விசில்தான் விழுந்தது.

“என்னோடது எங்கடி?”

“என்னங்க, டிரைவருக்கு எதுக்கு டிக்கெட்?”

மகளோடும் மாப்பிள்ளையோடும் டாக்ஸியில் ஏறி, விசிலை இரண்டு ஊது ஊதினாள். டாக்ஸி கிளம்பிவிட்டது.

சரி, மாடியிலாவது படுப்போம் என்று காலில் பசையோடு படியேறினேன். கம்பங்களில் கயிற்று முடிச்சு மட்டும் தொங்கியது. வலைத்தொட்டிலும் கப்பலேறிவிட்டது.

“தாத்தா, கடல் காலியா இருக்கு” என்றாள் மேனேஜர். “சீக்கிரம் ரொப்பு.”