பொரித்த வாழைப்பழமும் அமண்டாவின் ஓட்டமும்

ஜித்ரா,
ஞாயிறு மாலை

அன்பும் மதிப்பும் நிறைந்த பிரிஜெட் அக்காவுக்கு, தம்பி அந்தோணிதாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் மூச்சோடு இருக்கிறோம். மகள் அமண்டா முழு மூச்சோடு இருக்கிறாள். கோலா கெடாவில் நீங்களும் மச்சானும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

அக்கா, நேற்றுப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் உங்கள் மருமகள் ஓடினாள்! போன வருஷம் அணிவகுப்பு முடிவதற்குள் இளைப்பு வந்து நான் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேனே, அதே பிள்ளை மூன்றாவதாக வந்து பதக்கத்தைக் கடித்துப் பார்க்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் நின்றவர் தொப்பியைப் பிடுங்கி மேலே வீசிவிட்டேன், அவர் தலைமையாசிரியர். பிள்ளை ஓடியதெல்லாம் என் ஏற்பாடு.

குளிர்ச்சி ஆகாதென்று ஆரஞ்சு, பப்பாளி, கீரை எல்லாவற்றையும் நான் தடுத்து வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். வாழைப்பழத்தை மட்டும் மாவில் முக்கிப் பொரித்தால் குளிர்ச்சி ஓடிப்போகும் என்று தினமும் பீசாங் கோரேங், கூடவே நீங்கள் அனுப்பும் கெரோப்போக் மீன் அப்பளம். போன மாதம் டாக்டரம்மா பிள்ளைக்குப் பழம் கொடுக்கிறீர்களா என்று கேட்க, தினமும் என்று நிமிர்ந்து சொன்னேன். என்ன பழம் என்றார். பீசாங் கோரேங் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பழம், காய்கறி, மீன் சாப்பிட்டால் இளைப்பின் கடுமை கொஞ்சம் குறையலாம், பொரித்ததையும் இனிப்புத் தண்ணியையும் குறையுங்கள் என்றார். அப்புறம் இளைப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துப் பம்பைப் பற்றியும் ஏதோ சொன்னார், நான் அதற்குள் பப்பாளி வாங்கப் பசாருக்குக் கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து கீரையும் கெம்போங் மீன் குழம்பும்தான். சாப்பாடே மருந்தாயிட்டதால பம்பைத் தூக்கி அலமாரி மேல வச்சிட்டேன். ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன், பக்கத்து வீட்டு முருகையா அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், அவர் காது வலிக்குதுன்னு உள்ள போயிட்டார். ஆகையால் இனிமே கெரோப்போக் அனுப்பாதீங்க அக்கா, கண்ணிலேயே காட்டாதீங்க.

தேவமாதா உங்கள் வீட்டையும் மச்சான் படகையும் காக்கட்டும்.

அன்புத் தம்பி,
அந்தோணிதாஸ்

பி.கு.: இதை என் மனைவி பிரேமாவதிக்கு வாசித்துக் காட்டினேன். அலமாரி வந்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே பம்பை எடுத்து, டாக்டர் சொன்னபடி காலையும் மாலையும் கொடுத்து வந்திருக்கிறாள். "பப்பாளியும் வேணும், பம்பும் வேணும்னுதான் டாக்டர் சொன்னாங்க. நீங்க பாதியிலேயே பசாருக்கு ஓடிட்டீங்க. பம்பை விட்டிருந்தா பிள்ளை ஓடியிருக்காதுலா" என்றாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் அக்கா? ஆகவே மேலே 'என் ஏற்பாடு' என்பதைப் 'பிரேமாவின் ஏற்பாடு' என்று திருத்திப் படிக்கவும். கெரோப்போக் வேண்டாம் என்பது மட்டும்தான் என் சொந்த யோசனை. அதையும் அடித்துவிடுங்கள், எனக்கு ஒரு பொட்டலம் வேண்டும்.