தையல் காக்காவின் இம்பாலா

வளைகுடா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், அமெரிக்கக் காரைத் தையல் கடையாக வைத்திருந்த மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். எழுபதுகளில் ஷார்ஜாவில் எங்கள் தெருவில் இருந்த தையல் காக்கா. எங்கள் கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.

அப்போதெல்லாம் அரபி வீடுகளில் புது மாடல் கார் வந்ததும் பழையதைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு பெருநாளுக்குத் தைத்த கூலியில் காக்கா ஒரு பழைய இம்பாலா காரை வாங்கிவிட்டார். கிளிப்பச்சை நிறம், கப்பல் நீளம். ஓட்டத்தான் தெரியாது. லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகும்போதெல்லாம் ரிவர்ஸ் எடுத்து, எல்லைக்கு வைத்திருக்கும் டிரம்மைச் சாய்த்து ஃபெயிலாகி வருவார்.

வண்டி சும்மா நிற்குமா? கடையில் ஏசி கிடையாது, காரில் உண்டு. பெட்ரோலோ குடிதண்ணீரைவிட மலிவு. எஞ்சினை ஓடவிட்டு, பின்சீட்டில் கைமெஷினை வைத்துத் தைக்க ஆரம்பித்தார். அளவு ஜாக்கெட்டைத் தெருப் பெண்கள் நாங்கள் கார் ஜன்னல் வழியாக நீட்டுவோம்.

"வெரசாக் குடு தங்கச்சி, குளிரு வெளிய போவுது!"

இந்த நிலையில் அவர் மனைவி ஊரிலிருந்து வருவதாயிற்று. ஏர்போர்ட்டிலிருந்து சொந்தக் காரில், முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார் காக்கா. அவர் வந்து இறங்கும் நாள் காலை டெஸ்டிலும் டிரம் சாய்ந்தது.

"ஊரு பூரா சொல்லியிருப்பா தங்கச்சி. டாக்சில கூட்டியாந்தா நான் என்னத்தச் சொல்ல?"

அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். என் வீட்டுக்காரர் கரண்ட் வேலையில் சூப்பர்வைசர், லைசென்ஸ் உள்ளவர். இம்பாலா சாவியை எடுத்தார். "யல்லா, ஏறுங்க காக்கா."

திரும்பும்போது முன்சீட்டில் மூன்று பேர். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில், நடுவில் காக்கா, ஜன்னலோரம் அவர் மனைவி. பின்னால் மெஷினுக்கும் நூல்குப்பைக்கும் நடுவே நான்.

"ஏங்க, ஒங்க வண்டின்னுதானே சொன்னீய? ஓட்டுறது யாரு?"

காக்கா அசரவில்லை. "மொதலாளி எங்கயாச்சும் வண்டி ஓட்டுவானா? டிரைவரு."

சைட்டில் ஒரு கூட்டத்தையே அதட்டி வேலை வாங்கும் என் வீட்டுக்காரர், தலையைக்கூடத் திருப்பாமல் கேட்டார்: "நேரா வீட்டுக்குத்தானே மொதலாளி?"

"ஆமா. மெதுவாப் போ."

போன மாதம் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். துபாய் ஷோரூமில் அதே கிளிப்பச்சை இம்பாலா, சுற்றிலும் கயிறு கட்டி. இப்போதைய விலைக்கு, காக்கா ஆயுசு முழுக்கத் தைத்தாலும் அதன் ஒரு சக்கரம்கூடத் தேறாது.

பின்சீட்டைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். எங்காவது நூல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.