கட்டிலுக்குக் கிரிப்பர் போட்டேன்

சிவகாசியில் என்ன குளிர் என்று கேட்பீர்கள். கேளுங்கள். பத்து மாதம் வெயில் காய்கிற ஊர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மார்கழி மாசம் விடியக்காலம், சுவரோரமாக, முதுகில் போர்வை இல்லாமல் இரும்புக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்து பார்த்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்து பேசுங்கள்.

போர்வை இல்லாத வீடா என்றால் அதுவும் இல்லை. நல்ல கனத்த கம்பளி ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் தாராளமாகப் போர்த்தலாம். என் மனைவி சொர்ணலட்சுமி முழித்திருக்கும்போது ஒரு ஆள்தான். தூங்கினால் இரண்டு ஆள். படுக்கும்போது ஆளுக்குப் பாதி. ஒரு புரளலில் கால்வாசி போகும். அடுத்த புரளலில் மிச்சமும் போகும். நாலு மணிக்குப் பார்த்தால் சணல் சுற்றிய வெடி மாதிரி அவள் கம்பளிக்குள் இறுகிக் கிடப்பாள். நான் திரியில்லாத வெடி மாதிரி நமுத்துக் கிடப்பேன்.

"ஏளா, கம்பளியை இழுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எங்கன இழுத்தேன்? அதுவாத்தான் வருது."

"எனக்கு மட்டும் ஏன் அதுவா வரமாட்டேங்குது?"

"அதை அதுகிட்டத்தான் கேக்கணும்."

இன்னொரு கம்பளி வாங்கினால் என்ன என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சொர்ணம் துள்ளிவிட்டாள். எங்கள் வளவில் ஆறு வீடு, முற்றத்தில் ஒரே கொடி. காலையில் எல்லா வீட்டுப் போர்வையும் அந்தக் கொடியில்தான் காயும்.

"நேத்து வரைக்கும் ஒரு கம்பளி, இன்னைக்கு ரெண்டு கம்பளின்னா வளவுல என்ன பேசுவாக? புருசனும் பொஞ்சாதியும் முறைச்சுக்கிட்டாகன்னு பேசமாட்டாகளா? மத்தியானத்துக்குள்ள விருதுநகர்ல எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிரும். சாயங்கால வண்டியில பஞ்சாயத்துப் பேச வந்து நிப்பாக."

அவள் அண்ணன் வந்தால் பத்து நாளைக்குப் போகமாட்டார். கட்டிலும் அவருக்குத்தான். இரண்டாவது கம்பளி என்ற பேச்சை அன்றோடு விட்டேன்.

அப்புறம்தான் 1961-ஆம் வருஷம் மார்கழி இரண்டாம் தேதி, நடுங்கிய பல்லோடு ஒரு தீர்மானம் போட்டேன். கம்பளியில் பாதி என்னுடையது. அதை வாங்காமல் விடமாட்டேன்.

நான் யார் என்று சொல்லவில்லையே. ரத்தினசாமி. லித்தோ அச்சு மெஷின்மேன். பதினெட்டு வருஷ சர்வீஸ். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரில் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு உதட்டிலேயே இருக்கிறதா? அப்படியானால் அது என் கை வேலையாக இருக்கலாம். மஞ்சள் தனியாக ஓட வேண்டும், சிவப்பு தனியாக, நீலம் தனியாக. காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு மூக்குக்கு ஏறிவிடும். நகராமல் இருக்க இரும்பு விரல்கள் காகிதத்தின் ஓரத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பேர் கிரிப்பர். காகிதத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி இருக்கும். ஒரு நிறத்தின் குறி மேல் அடுத்த நிறத்தின் குறி ஏறினால் எல்லாம் சரி. 'குறியைப் பாரு, படத்தைப் பார்க்காதே!' பதினெட்டு வருஷமாக மெஷின் சத்தத்துக்கு மேலே நான் கத்துகிற கத்தல் இதுதான். வீட்டிலும் சாப்பிடும்போது சொல்லுவேன். சொர்ணம் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

ஒரு லட்சம் காகிதத்தை நகராமல் பிடிக்கிறவனுக்கு ஒரு கம்பளியைப் பிடிக்கத் தெரியாதா?

கம்பெனியில் பழைய மெஷின் ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டு அதிலிருந்த கிரிப்பர் சட்டத்தை வாங்கினேன். லேத் பட்டறை ஊர்க்காவலனிடம் கொடுத்துக் கட்டிலின் அகலத்துக்கு வெட்டி, கால்மாட்டில் மாட்டுகிற மாதிரி செய்தேன். எட்டு இரும்பு விரல். கம்பளியின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகி, கைப்பிடியைத் திருப்பினால் எட்டும் சேர்ந்து கடிக்கும். மெல்லிய துப்பட்டி என்றால் ஒரு திருகு, கம்பளி என்றால் இரண்டு திருகு. ஏற்றலாம், இறக்கலாம். உலகத்தில் எவனும் கட்டிலுக்கு இப்படி ஒன்று செய்திருக்கமாட்டான் என்று ஊர்க்காவலனே சொன்னான். எதற்கு என்று கேட்டான். வெளியே சொல்ல முடியாது என்றேன்.

மாட்டி முடித்ததும் சொர்ணம் சுற்றிவந்து பார்த்தாள்.

"இது என்ன, எலிப்பொறியா?"

"கிரிப்பர்."

"என்னத்தைப் பிடிக்கும்?"

"நியாயத்தைப் பிடிக்கும். கம்பளிக்கு நட்ட நடுவுல, கால்மாட்டு ஓரத்துல, சிவப்பு நூல்ல ஒரு கூட்டல் குறி தை. இந்தச் சட்டத்துக்கு நடுவுலயும் ஒரு குறி போட்டிருக்கேன். குறியும் குறியும் நேரா இருந்தா உனக்குப் பாதி, எனக்குப் பாதி."

"நானா தைக்கணும்?"

"நீதான் நல்லா தைப்பே."

இந்த வார்த்தையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். கழுதை, நானேதான் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் தீப்பெட்டி ஒட்டுகிற பசைக் கையோடு எட்டிப் பார்த்தது. அதையே சாட்சியாக வைத்துச் சட்டம் போட்டேன்.

"இங்கன பாரு பொன்னுத்தங்கம். குறி நேரா இருக்கும்போது யாராவது குளிருதுன்னு வாயைத் திறந்தா, அவுக அந்த மார்கழி முழுக்கத் தரையில பாய்ல படுக்கணும். கம்பளி கிடையாது."

"யாரா இருந்தாலுமா அண்ணாச்சி?"

"யாரா இருந்தாலும்."

"மதினி, உங்களுக்குச் சம்மதமா?"

"அவுக சொன்னா எனக்குச் சம்மதந்தான்" என்றாள் சொர்ணம். அவள் அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கிற ஆள் இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். அவள் புரண்டாள், கம்பளி புரளவில்லை. கட்டிலே கிறீச்சென்றதே தவிர என் பாதி என்னோடு இருந்தது. மூன்றாம் நாள் காலையில் இடுப்பில் லேசாக ஈரக்காற்று. எழுந்து குறியைப் பார்த்தேன். நேராக இருந்தது. ஐந்தாம் நாள் முதுகு முழுக்கச் சுவரில் ஒட்டி ஜில்லென்றது. குறியைப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

"என்ன, குனிஞ்சு குனிஞ்சு பாக்கீக? குளிருதா?"

"யாருக்கு? எனக்கா? வேர்க்குது."

"அப்படியா? எனக்குக் கதகதன்னு இருந்துச்சு."

தரைப் பாயை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பத்தாம் நாள் தாங்கவில்லை. குளிர் என்ற சொல்லே வராமல் பேசினேன்.

"சொர்ணம், கம்பளி சலவையில சுருங்கிருச்சோ?"

"கம்பளி சுருங்குனா ரெண்டு பேருக்கும்ல சுருங்கணும்? எனக்கு அம்புட்டும் இருக்கே."

நியாயமான பேச்சு. மெஷின்மேன் என்கிற முறையில் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் பத்தலை?"

அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"சொன்னா வருத்தப்படுவீக."

"சொல்லு."

"நீங்க பெருத்துட்டீக."

"நானா?"

"சட்டையைப் போட்டுப் பாருங்க."

போட்டேன். வயிற்றுக்கு நேரான பொத்தான் காஜாவுக்கு ஒரு விரக்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. இழுத்துப் போட்டால் மூச்சு முட்டியது. போன வாரம் சரியாக இருந்த சட்டை!

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தினமும் சாயங்காலம் கம்பெனி விட்டு வரும்போது சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் வாங்கி வருவேன். காபியோடு அதை முடிப்பேன். அந்தக் காரமும் மொறுமொறுப்பும் இல்லாவிட்டால் எனக்குப் பொழுது சாய்ந்ததாகவே கணக்கில்லை.

"சேவை விட்டுரணுமோ?" என்று ஈனசுரத்தில் கேட்டேன்.

"ஒரேயடியா விட்டா உடம்பு ஏங்கிரும். வழக்கம்போல வாங்கிட்டு வாங்க. நான் எடுத்து வைக்கேன். இளைச்சப்புறம் தின்னுக்கிடலாம்."

அன்றிலிருந்து எனக்குச் சாயங்காலம் கொள்ளுக் கஞ்சி. காலையில் கோழி கூப்பிடும்போது விஸ்வநத்தம் வரைக்கும் நடை. நான் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்ப்பேன். முழுக் கம்பளியும் அவள் மேலே, எட்டு விரலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். என் கிரிப்பர் வேலை செய்கிற அழகைப் பார்த்து எனக்கே பெருமையாக இருக்கும்.

கொடுமை என்னவென்றால், நடக்க நடக்கப் போர்வை இன்னும் குறைந்தது. வேட்டி இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது. கன்னம் ஒட்டிவிட்டது. கம்பெனியில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஆனால் கட்டிலில் படுத்தால் மட்டும் நான் பெருத்துக்கொண்டே போனேன்.

"அண்ணாச்சி, கம்பளியை ஒருக்கா அளந்து பாருங்களேன்" என்றது பொன்னுத்தங்கம் ஒரு நாள். அது வாயிலிருந்து காராச்சேவு வாசனை வந்தது. பக்கத்துக் கடையில் வாங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அளக்கிறதா? நான் மெஷின்மேன். குறியைத்தான் பார்ப்பேன், படத்தைப் பார்க்கமாட்டேன்."

"அது சரி" என்று சிரித்துவிட்டுப் போனது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கு லீவு. முற்றத்துக் கொடியில் எங்கள் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் அதன் பக்கத்தில் நின்றேன். காலை வெயில் பின்னாலிருந்து அடித்ததில் கம்பளியின் ஓரம் துலக்கமாகத் தெரிந்தது. சிவப்பாக என்னவோ பொடிப் பொடியாக ஒட்டியிருந்தது. பூச்சியோ என்று கிட்டப் போனேன்.

பூச்சி இல்லை. நூல் பிசிறு.

நடுவில் ஒரு கூட்டல் குறியின் தடம். அதற்கு ஒரு விரக்கடை தள்ளி இன்னொரு கூட்டல் குறியின் தடம். அதற்கும் ஒரு விரக்கடை தள்ளி இன்னொன்று. எல்லாம் என் பக்கமாகவே நகர்ந்து வந்துகொண்டிருந்தன. மொத்தம் பதினாலு. பதினாலாவதில்தான் சிவப்பு நூல் இருந்தது. ஏறக்குறைய தினமும் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறாள். அந்தக் குறியைச் சட்டத்தின் நடுவுக்கு நேராக நானே தினமும் கொண்டுவந்து வைத்து, நானே கைப்பிடியைத் திருப்பி, கம்பளியை அவள் பக்கம் அனுப்பிவைத்திருக்கிறேன்!

பதினெட்டு வருஷ சர்வீஸ். லட்சுமியின் உதட்டில் மயிரிழை நகர்ந்தாலும் கண்டுபிடிக்கிறவன். கம்பளியை உருவிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். சொர்ணமும் பொன்னுத்தங்கமும் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பழைய காலண்டர் காகிதம். அதன் மேல் என் சேவு.

"சொர்ணம்! இது என்ன?"

எட்டிப் பார்த்தாள். பதறவில்லை.

"குறி."

"பதினாலு குறி!"

"அம்புட்டுத்தான் இருக்கும்."

"இத்தனை நாளா என்னை..." என்று ஆரம்பித்தேன். குளிர் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பொன்னுத்தங்கம் சேவை மென்றுகொண்டே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. இன்னும் மார்கழி முடியவில்லை. அந்தச் சொல்லை முழுங்கினேன். "இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டியேளா!"

"யாரு ஏமாத்துனா? குறியைப் பாரு, படத்தைப் பார்க்காதேன்னு யாரு சொன்னா? நான் சொன்னேனா, நீங்க சொன்னீகளா? குறி ஒரு நாளாவது கோணலா இருந்துச்சா?"

இல்லை. ஒரு நாளும் கோணலாக இல்லை. அவ்வளவு சுத்தமாகத் தைக்கிறவள் எங்கள் கம்பெனியில் இருந்தால் பாதி வேஸ்ட் குறையும்.

"சட்டைப் பொத்தான்?"

"அதையும் நான்தான் தள்ளித் தைச்சேன்."

"அப்ப நான் பெருக்கவே இல்லையா?"

"எங்கன பெருத்தீக? நீங்க எப்பவும்போலத்தான் இருந்தீக."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஊசியையும் சிவப்பு நூலையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"எடு ஊசியை. இப்பவே குறியைப் பழைய இடத்துல, நட்ட நடுவுல தை. என் பாதி எனக்கு வந்தாகணும்."

சொர்ணம் சேவு ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"பாதி எதுக்குங்க? இந்த மார்கழியில நல்லா இளைச்சிட்டீகளே. இனிமே உங்களுக்கு இம்புட்டுப் போதும்."

அன்றைக்குப் படுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.